கோலசிலாங்கூர் கடலில் ஒரு மூடியைப் பிடித்துக்கொண்டு

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ரவாங்கில் இருந்து தனியாகக் காரில் புறப்பட்டேன். கோலசிலாங்கூர் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். பெஸ்தாரி ஜெயா வழியாகப் போனால் ஒரு மணி நேரத்தில் சேரலாம். பெயர்ப்பலகையில்தான் பெஸ்தாரி ஜெயா. எங்களுக்கு இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள். பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதை முந்த வழி இருந்தும் நான் முந்தவில்லை. எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்கிறேனோ அவ்வளவு நல்லது என்று தோன்றியது.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். கடலுக்குப் பத்து கிலோமீட்டர் தள்ளி, புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். ஆனாலும் நாற்பத்தாறு வயது வரை படகில் கால் வைத்ததில்லை. நீச்சலும் தெரியாது. அண்ணன் முருகையா செம்பனை லோரி ஓட்டுகிறவர். இரண்டு வருடத்துக்கு முன் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கி, விடுமுறை நாள்களில் தூண்டில்காரர்களைக் கடலுக்கு அழைத்துப் போகிறார். அன்றிலிருந்து என்னையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் கடல் நடுவே ஒரு மணல்திட்டு சில மணி நேரம் மேலே வரும். அதன்மேல் விரல் உயரத் தண்ணீர் நிற்கும். அதில் வானம் அப்படியே தெரியும். சுற்றுலாப் படகில் போனால் ஆளுக்கு எண்பது மலேசிய வெள்ளி வரை கேட்கிறார்கள். இந்த முறை அண்ணியும் ஃபோனில் பேசினார். மறுக்க முடியவில்லை.

ஏழே முக்காலுக்கு, கோலசிலாங்கூர் டவுனில் அக்பர் பாயின் சாப்பாட்டுக் கடையில் அண்ணனும் அண்ணியும் காத்திருந்தார்கள். பாய் அண்ணனின் நண்பர். நல்ல கனத்த உடம்பு, எப்போதும் சிரிப்பு. கடையை மருமகனிடம் விட்டுவிட்டு அவரும் எங்களோடு வருவதாக ஏற்பாடு. ரொட்டி சானாய் இரண்டு வெள்ளி, நுரை பொங்க ஆற்றித் தரும் தே தாரிக் டீ இரண்டு வெள்ளி இருபது காசு. நான் தே மட்டும் குடித்தேன். பாய் காசு வாங்க மறுத்துவிட்டார்.

"என்னம்மா, ஒண்ணும் சாப்பிடல? கடல்ல பசிக்கும்லா."

"இறங்கி வந்து சாப்பிடறேன் பாய்."

எட்டரை மணிக்கு ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், படகைப் பார்த்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதன் மோட்டார்தான். பின்பக்கத்தில் மாட்டிய நாற்பது குதிரைச் சக்தி மோட்டார். அதன் மேல்மூடியின் பின்பகுதி உடைந்து போயிருந்தது. உடைந்த இடத்தில், சமையல் எண்ணெய் கேன் ஒன்றை வெட்டிக் கம்பியால் கட்டி வைத்திருந்தார் அண்ணன்.

"இது என்னண்ணே?"

"அது இன்ஜின் காத்து இழுக்கிற வாய். பின்னாடி பார்த்தாப்ல இருக்கும். அதுக்கு மேல ஒரு கூரை மாதிரி இருந்துச்சு, ஜெட்டில இடிச்சு உடைஞ்சிருச்சு. தண்ணி உள்ள போயிடக் கூடாதுன்னு இத வச்சிருக்கேன்."

"போனா?"

"போவாது லா. ரெண்டு வாரமா இப்படித்தான் ஓடுது."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஸ்பேர் சாமான் வர்ற வரைக்கும் போகாதீங்கன்னு சொன்னேன் தேவி. உங்கண்ணன் யார் பேச்சக் கேட்டாரு?" என்றார். உயிர்காப்புச் சட்டை போடாமல் ஏறமாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். எனக்குக் கொடுத்ததில் ஜிப் ஓடவில்லை. அண்ணி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டார்.

ஆற்றில் போகும்வரை பயம் அடங்கித்தான் இருந்தது. பழுப்புத் தண்ணீர், இரண்டு கரையிலும் அலையாத்தி மரங்கள், தலைக்கு மேலே செம்பருந்துகள். முகத்துவாரத்தைத் தாண்டியதும் கரை சட்டென்று மெலிந்து ஒரு கோடாகிவிட்டது. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத இடத்துக்கு வந்துவிட்டோம். அரை மணி நேர ஓட்டம் முழுவதும் இருக்கைப் பலகையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

ஒன்பதரைக்கு மணல்திட்டில் இறங்கினோம். வாசகர்களுக்கு உண்மையைச் சொல்லவேண்டும்: அது அழகுதான். கணுக்கால் நனையாத தண்ணீரில் மேகம் மிதந்தது. நடந்தால் மேகத்தின் மேல் நடப்பது போலிருந்தது. தூரத்தில் நாலைந்து சுற்றுலாப் படகுகள் நின்றன. வண்ணக் குடைகளோடு ஆள்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாய் மணலைக் கிளறிச் சிப்பி பொறுக்கினார். ஆனால் நான் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தது படகு அங்கேயே இருக்கிறதா என்றுதான்.

பதினொரு மணி இருக்கும். மேற்கில் ஒரு கரும்பட்டை எழுந்தது. சுற்றுலாப் படகோட்டிகள் விசில் ஊதி ஆள்களை ஏற்றினார்கள். ஒவ்வொரு படகாகக் கிளம்பியது.

"அண்ணே, எல்லாரும் போறாங்க."

"மழை அங்க அடிக்குது, இங்க வராது. பாய் அந்த வாளிய ரொப்பிக்கட்டும்."

வாளி நிறைவதற்குள் காற்று மாறிவிட்டது. சூடாக இருந்த காற்று ஒரே வீச்சில் குளிர்ந்தது. அண்ணன் வானத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "ஏறுங்க, ஏறுங்க! சுமாத்ரா காத்து!" என்று கத்தினார். சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வரும் புயற்காற்றைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள்.

கரை கிழக்கே. காற்று மேற்கிலிருந்து. அதனால் அலைகள் எல்லாம் எங்களுக்குப் பின்னாலிருந்து துரத்தி வந்தன. மழை முதுகில் கல்லாய் விழுந்தது. கரை மறைந்துபோனது. ஒரு அலை படகின் பின்பக்கத்தில் மோதி மோட்டாரின் மேலேயே ஏறி உடைந்தது. வெள்ளையாக ஏதோ பறந்தது. அண்ணன் கட்டியிருந்த கேன் துண்டு.

மோட்டார் ஒருமுறை இருமியது. மறுபடி இருமியது. மனிதன் புரையேறித் திணறுவது போலவே இருந்தது.

பாய் பதறிப்போனார். "தண்ணி போகுதுய்யா!" என்று தன் மழைக்கோட்டைக் கழற்றி மோட்டாரின் தலையைச் சுற்றி இறுக்கிப் போர்த்தினார். "இறுக்காத! காத்து போகணும்!" என்று அண்ணன் கத்துவதற்குள் மோட்டார் நின்றுவிட்டது.

அந்த அமைதியை என்னால் மறக்க முடியாது. மழை கொட்டுகிறது, காற்று அலறுகிறது, ஆனாலும் அது அமைதிதான். படகு மெல்லத் திரும்பி அலைக்குத் தன் விலாவைக் காட்டியது. அடுத்த அலை பக்கவாட்டில் உள்ளே கொட்டியது. முழங்கால்வரை தண்ணீர். சிப்பி வாளி கவிழ்ந்து சிப்பிகள் எங்கள் காலடியில் உருண்டன. பாய் ஃபோனை எடுத்தார். நனைந்த திரை விரலுக்கு அசையவில்லை. உதட்டில் ஏதோ ஓதிக்கொண்டே தன் வாளியால் தண்ணீரை அள்ளி ஊற்றத் தொடங்கினார். அண்ணியும் கையில் கிடைத்த டப்பாவால் அள்ளினார்.

அண்ணன் மோட்டாரின் மேல்மூடியைக் கழற்றினார். "தேவி, கோட்ட மேல பிடி. மழை உள்ள விழக்கூடாது." நான் எழுந்து நின்றேன். எப்படி நின்றேன் என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் கோட்டை விரித்துப் பிடித்தேன். அண்ணன் சட்டையைக் கழற்றி உள்ளே துடைத்தார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். பிளக் இருந்த ஓட்டைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. துடைத்து மறுபடி மாட்டும்போது ஒரு பிளக் அவர் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. சிப்பிகளுக்கு நடுவே தடவித் தேடி எடுத்தார். என் அண்ணனின் கையிலிருந்து ஒரு பொருள் நழுவி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுவரை பயம் எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

கயிற்றை இழுத்தார். இல்லை. இன்னொரு முறை. இல்லை. அண்ணி அள்ளுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். எத்தனையாவது இழுப்பில் என்று தெரியாது, மோட்டார் கக்கிக்கொண்டு, நீலப்புகை விட்டு, ஓடத் தொடங்கியது.

மேல்மூடியை மாட்டினார். ஆனால் அந்த வாய் திறந்தே இருந்தது. அண்ணன் ஐஸ் பெட்டியின் மூடியைப் பிடுங்கி என் கையில் திணித்தார்.

"நான் முன்னாடி பார்த்து ஓட்டணும். பின்னாடி என்ன வருதுன்னு எனக்குத் தெரியாது. அலை வந்தா அந்த வாய மூடு. போனதும் உடனே திற. ரொம்ப நேரம் மூடினா மூச்சு முட்டி நின்னுரும். நின்னா மறுபடி கிளப்ப முடியுமான்னு தெரியல தேவி."

"அண்ணியப் பிடிக்கச் சொல்லுண்ணே. என்னால முடியாது."

"அவளுக்குக் கை எட்டாது. பாய் பின்னாடி வந்தா கனத்துல படகு அமுங்கிரும். நீதான்."

பாய் முன்பக்கம் போய் உட்கார்ந்தார். நான் பின்பலகையில் மண்டியிட்டு, மோட்டாருக்கு மேலே சாய்ந்து, மூடியைப் பின்னால் நீட்டினேன். அண்ணி என் உயிர்காப்புச் சட்டையின் வார்களைப் பிடித்துக்கொண்டு படகின் தரையில் காலை ஊன்றி உட்கார்ந்தார். "நான் விடமாட்டேன் தேவி. நீ கடலப் பாரு."

கடலைப் பார்ப்பதுதானே என்னால் முடியாத காரியம். காலையிலிருந்து படகையும் கரையையும் என் கால்விரலையும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது கண்ணை மூடவும் வழியில்லை. சாம்பல் நிறச் சுவர் ஒன்று எழுந்து நிமிர்ந்து வந்தது. மூடினேன். மூடியில் மோதி என் மார்பில் அடித்தது. மூக்கிலும் வாயிலும் உப்பு. மோட்டாரின் சத்தம் கம்மியது. திறந்தேன். சத்தம் மீண்டது. அடுத்தது. மூடு. திற. ஒருமுறை பயத்தில் மூடியை எடுக்க மறந்து அப்படியே பிடித்திருந்தேன். மோட்டார் தடுமாறியது. "திற! திற!" என்று அண்ணன் அலறியபின்தான் கை அசைந்தது.

இரண்டு அலைகள் சேர்ந்து வந்தபோது என் உடம்பு பாதி வெளியே போய்விட்டது. வார்கள் தோளை அறுத்தன. அண்ணி விடவில்லை. அவர் ஏதோ கத்தினார். என் பெயரா சாமி பெயரா தெரியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று சொல்ல முடியாது. முன்னாலிருந்து பாய், "மரம் தெரியுது! மரம் தெரியுது!" என்றார். நான் திரும்பவில்லை. படகுக்குப் பின்னாலிருந்த அலைகள் உயரம் குறைந்து, பழுப்பு நிறமாகி, சுருக்கங்களாக மாறியபோதுதான் ஆற்றுக்குள் வந்துவிட்டோம் என்று புரிந்தது. அப்போதும் மூடியைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

ஜெட்டியில் மழை தூறலாகியிருந்தது. படகைக் கட்டினோம். பாய் என் முகத்தைப் பார்க்காமல், "கோட்டப் போட்டு நான்தாம்மா நிப்பாட்டிட்டேன்" என்றார். "நீங்க தண்ணி அள்ளலேன்னா முங்கியிருப்போம் பாய்" என்றேன். அண்ணி அண்ணனின் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தார். பிறகு அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணன் அடியை வாங்கிக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில், உறைக்குள் நனையாமல் தப்பியிருந்த அண்ணியின் ஃபோன் அடித்தது. மறுநாள் கடலுக்குப் போகப் பதிவு செய்திருந்த தூண்டில்காரர்கள். அண்ணனின் ஃபோன் எடுக்காததால் இதில் அழைத்திருக்கிறார்கள். அண்ணி ஃபோனை நீட்டினார். அண்ணன் வாங்கினார்.

"நாளைக்கு இல்ல தம்பி. இன்ஜின் சரியில்ல... இல்ல, சமாளிச்சு வர்றதெல்லாம் வேணாம். நீங்க வேற படகுலயும் போகாதீங்க." வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "உன்ன அழைச்சிட்டுப் போயிருக்கக் கூடாது."

"ஆமா" என்றேன். அவர் மனம் நோகட்டும் என்றே சொன்னேன். நொந்தது. பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மழையில் ஊறிச் சில்லென்று இருந்தது.

மாலை நாலு மணிக்குக் கோலசிலாங்கூரை விட்டுக் கிளம்பினேன். செம்பனைச் சாலையில் மறுபடி மழை. கண்ணாடியில் தண்ணீர் வழிந்து முன்பக்கம் மறைந்த ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். துடைப்பான் துடைத்ததும் விட்டேன். பெஸ்தாரி ஜெயாவுக்கு முன்னால் ஒரு கடையோரம் காரை நிறுத்த வேண்டியதாயிற்று. பயம் கடலில் வந்தது பாதிதான். மீதி அங்கே வந்தது.

ரவாங்கில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஏதாவது தவறினால் அழுத்துவோம், எல்லாம் நின்றுவிடும், நாங்கள் பிழைத்துக்கொள்வோம். பயத்துக்கு மருந்து நிறுத்துவதுதான் என்று இத்தனை வருடமாகப் பழகியிருக்கிறேன். கடலில் நிற்பதுதான் சாவு.

வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கினேன். தரை அசையவில்லை. காரின் கதவைப் பிடித்தபடி, அதை நம்புவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.