ஆடிக்கு முதல் நாள் கொடுத்த சாவி

எங்கள் அலுவலகத்தில் நாகையா அண்ணனுக்கு நான் வைத்த பெயர் 'பட்டன்'. பிரிக்பீல்ட்ஸில் ஐம்பது வாடகை வீடுகளை உரிமையாளர்கள் சார்பில் பார்த்துக்கொண்டவர். கிளாங்கிலிருந்து வயர்மேன் வந்து, குளியலறை ஹீட்டரையும், மின்கசிவு என்றால் கரண்டை நிறுத்தும் பிரேக்கரையும் சோதித்துக் கையெழுத்துப் போடாமல் எவருக்கும் சாவி தரமாட்டார். அதற்குப் பிறகும் தானே போய்ப் பிரேக்கரின் பட்டனை அமுக்கி, கரண்ட் நிற்கிறதா என்று பார்ப்பார். பத்தொன்பது வருடம் இப்படித்தான். காத்திருப்பவர்கள் என்னிடம் கத்துவார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

போன வருடம் ஆடி பிறப்பதற்கு முதல் நாள் டெங்கிலிலிருந்து தாமரை வாடகை வீட்டுச் சாவி கேட்டு வந்தாள். கணவன் திருச்செல்வத்துக்கு இங்கே லோரி ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. வயர்மேனோ வியாழக்கிழமைதான் வர முடியும் என்று சொல்லிவிட்டார்.

"அண்ணே, நாளைக்கு ஆடி பொறந்துரும். அப்புறம் ஒரு மாசம் வீடு மாற முடியாது. இன்னிக்குப் பால் மட்டும் காய்ச்சிடுறோம்லா," என்று கெஞ்சினாள்.

நாகையா தயங்கினார். நான்தான் குறுக்கே புகுந்தேன். "குடுங்கண்ணே. ஒரு நாள்ல என்ன ஆயிடப் போவுது? ரொம்பத்தான் பண்றீங்க."

"பால் காய்ச்சிட்டு ஒடனே கெளம்பிடணும்மா. வயர்மேன் பாத்தப்புறம் தங்கலாம்," என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

பால் காய்ச்சிய வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு எந்தத் தமிழ்க் குடும்பம் கிளம்பும்? அன்று அங்கேதான் படுத்தாக வேண்டும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டோம். மறுநாள் காலை குளிக்கப் போன திருச்செல்வத்தை ஹீட்டரிலிருந்து மின்சாரம் தாக்கியது. பிரேக்கர் கரண்டை நிறுத்தவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் முதலாளி சிவேந்திரன் சோதனைப் படிவத்தோடு வந்தார். "முந்தின தேதி போட்டு, சோதிச்சாச்சுன்னு எழுதிடுங்க நாகையா. அவரே ஹீட்டர நோண்டிட்டாருன்னு சொல்லிக்கலாம்."

"செத்தவன் மேலயா பாஸ் பழி போடறது?"

நாகையா தன் கையாலேயே போலீசுக்கு எழுதிக் கொடுத்தார். சோதிக்கவில்லை, சட்டப்படி சோதிக்க வைத்திருக்க வேண்டியவன் நான், சாவி கொடுத்ததும் நான். அன்றோடு அவர் வேலை போனது. விசாரணை இன்னும் முடியவில்லை.

காரியத்துக்கு அவரோடு நானும் டெங்கிலுக்குப் போனேன். தாமரை சுவரோரம் வெறித்தபடி உட்கார்ந்திருந்தாள். கணவன் போன நாளிலிருந்து அவள் அழவே இல்லை என்றார்கள்.

"நான்தானே அண்ணே அவசரப்படுத்துனேன். நானே அவரக் கொன்னுட்டேன்."

"இல்லம்மா. நீ கேக்கலாம். நான் குடுத்திருக்கக் கூடாது. எழுதியும் குடுத்துட்டேன்." போலீசுக்குக் கொடுத்ததன் நகலை அவள் மடியில் வைத்தார். படித்துவிட்டு அவள் வாய்விட்டு அழுதாள்.

நானும் வாங்கிப் படித்தேன். ஒரே ஒரு பக்கம். 'குடுங்கண்ணே' என்று நான் சொன்ன வார்த்தை அதில் எங்கும் இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.