மாவுக்கட்டை அறுத்தவன்

என் மனைவியின் உடம்பில் போட்டிருந்த மாவுக்கட்டை நான்தான் அறுத்தேன். பழியையும் அவள் மேலேயே போட்டேன்.

எண்பதுகளின் நடுவில் வேடசந்தூர் நூற்பாலை ஒன்றில் பராமரிப்பு இன்ஜினீயராக இருந்தேன். காசநோய் அவளுடைய முதுகெலும்பை அரித்திருந்தது. மதுரையில் அறுவை செய்து, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டுகளை அங்கே நிரப்பி, எஃகுக் கம்பி வைத்தார்கள். மார்பு முதல் இடுப்பு வரை மாவுக்கட்டு. ஆறு மாதம் கழற்றக் கூடாது என்றார் டாக்டர்.

மூன்றாம் மாதம் திண்டுக்கல்லில் என் தம்பிக்குக் கல்யாணம். பீப்பாய் போல அவள் மணமேடையருகே நிற்பதை நினைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ஆறு மாசம்னாருல்லங்க. பயமா இருக்கு."

"உள்ள இருக்கறது எஃகு. உன்னையும் தாங்கும், உங்கம்மாவையும் சேத்துத் தாங்கும்."

ஆலை ரம்பத்தால் அறுத்து முடிக்கும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகு, மறுபடி கட்டுப் போடலாம் என்று அவள் கேட்டபோதெல்லாம் அடுத்த வாரம் என்றேன்.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு காலை, குடத்தைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, முதுகுக்குள்ள என்னமோ டக்குன்னுச்சு."

மதுரைக்குப் போகும் வழியெல்லாம் அவள் கால்விரலை அழுத்தி, "தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். தெரியவில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

எக்ஸ்ரேயில் கம்பி இரண்டு துண்டு. கட்டு எங்கே என்றார் டாக்டர்.

"நேத்து குளிக்கப் போயி வழுக்கி விழுந்துட்டா சார். கட்டு நொறுங்கிருச்சு."

"கட்டோட உன்னைக் குளிக்கச் சொன்னது யாரும்மா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

அவளை வார்டுக்கு அனுப்பிவிட்டு டாக்டர் சொன்னார்: "அஞ்சு மாசம் கட்டுல இருந்தும் எலும்பு சேரவே இல்ல. இவங்க உடம்புல சேராது போல. மறுபடி திறக்கறது வீண்."

வெளியே வந்தேன். என் பொய்யால் அவள் படுக்கையோடு கிடக்கப்போகிறாள். ஆலையில் முறிந்த இயந்திரத் தண்டுகளுக்கு அறிக்கை எழுதுபவன் நான். எத்தனை உறுதியான எஃகும் ஒரே இடத்தில் ஓயாமல் வளைந்தால் முறியும் என்று எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! திரும்பிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எலும்பு சேருற வரைக்கும்தான் கம்பி காவல். கட்ட எடுத்துட்டு அதைத் தெனமும் வளைக்க விட்டிருக்கீங்க. இன்ஜினீயராம்!" என்றார்.

இடுப்பின் மறுபக்கத்திலிருந்து எலும்பெடுத்து மறுபடி அறுவை செய்து, புதிதாக மாவுக்கட்டுப் போட்டார்கள். சம்பளமில்லா விடுப்பெடுத்துச் சமைத்தேன், தண்ணீர் சுமந்தேன், அவள் தலையை அலசிவிட்டேன்.

"டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லிட்டேன்" என்றேன் ஒருநாள்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

ஆறு மாதம் முடிந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, கட்டைப் பிரிக்கலாம் என்றார் டாக்டர். அவளைப் பிடித்துக்கொள்ள அருகே போனேன்.

"அவரு வெளிய இருக்கட்டும் சார்" என்றாள்.

கதவைச் சாத்தினார்கள். ரம்பச் சத்தம் நிற்கும்வரை வராந்தாவில் நின்றேன்.