விளக்குப் பெரியவரும் ஒரு கையெழுத்தும்

டீ நேரத்தில் கம்பெனியில் எங்கள் ஷாப்பில் இளவட்டங்கள் வீடியோ கேம் பேச ஆரம்பித்தால் கடைசியில் என்னிடமும் வருவார்கள். "உங்களுக்கு எந்த ஹீரோண்ணா புடிக்கும்?" நான் கறுப்புக் கோட்டுக்காரன் ஒருவனைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். இரண்டு கையிலும் துப்பாக்கி, கூரை விட்டுக் கூரை தாவுவான், குண்டு பட்டாலும் கோட்டில் ஒரு சுருக்கம் விழாது. கேட்டவர்களுக்குத் திருப்தி. ஆனால் நான் சொல்வது பொய். எனக்கு உண்மையில் பிடித்தவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், நான் செய்த ஒரு கேவலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும்.

இரண்டாயிரங்களின் நடுவில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தேன். கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் இடம். அடித்து வரும் தகடுகளைச் சரிபார்த்து அடுக்குவது என் வேலை. என்னோடு ரூமில் இருந்த ஓர் அண்ணன், தகடு அடிக்கும் பிரஸ் மெஷினை ஓட்டுகிறவர். ஆர்.கே.பேட்டைப் பக்கம், நாற்பதை ஒட்டிய வயது, மனைவியும் இரண்டு பெண்களும் ஊரில். லீவு நாளில் ஊருக்குப் போய்விடுவார். என்னை 'நைனா' என்றுதான் கூப்பிடுவார்.

சென்னை பர்மா பஜாரிலிருந்து, டிவியில் மாட்டி ஆடும் ஒரு பழைய கேம் பெட்டியை நான் தூக்கி வந்திருந்தேன். அதோடு மூன்று டிஸ்க். மேலே இருந்த எழுத்து எந்த நாட்டு எழுத்தோ, எங்கள் இருவருக்கும் தெரியாது. ஆகவே நாயகர்களுக்கு நாங்களே பெயர் வைத்தோம். ஒன்றில் கோட்டுக்காரன். இன்னொன்றில் கத்திச் சண்டை போடும் ஒரு பெண். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் அவிழ்ந்த கூந்தலை நின்று நிதானமாக முடிந்துகொள்வாள். மூன்றாவதில் பெரியவர்.

பெரியவருக்குச் சண்டை தெரியாது. கையில் ஓர் அரிக்கேன் விளக்கு, காட்டைக் கடந்து எங்கோ போக வேண்டும், பின்னால் திருடர்கள் வருவார்கள். ஓடவிட்டால் நாலு எட்டில் மூச்சு வாங்கும். ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால், அவர் மெதுவாக உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, எண்ணெய் வீணாகாமல் திரியைத் தணிப்பார். யார் செய்த கேமோ, அந்த ஒரு காரியத்துக்காக அவர்களைக் கும்பிடலாம். கோட்டுக்காரன் கொன்ற ஆட்களின் கணக்கெல்லாம் மறந்துவிட்டது. பெரியவர் திரியைத் தணித்தது மட்டும் அப்படியே இருக்கிறது. நாம் ஆட்டாதபோதும் தனக்கென்று ஒரு கவலை உள்ளவனைத்தான் மனது வைத்துக்கொள்கிறது போலும்.

அண்ணனுக்கு அவர்மேல் உயிர். "இவன் ஒர்த்தன்தான் நைனா நம்மள மாரி மூச்சு வாங்குறான்" என்பார். ரூமில் ஒரு வழக்கத்தையும் அவரே கொண்டுவந்தார். ஷிப்டுக்குக் கிளம்புகிறவன் பெரியவரை நடுக்காட்டில் விட்டுப் போகக் கூடாது. ஏதாவது ஒரு மண்டபத்தில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டுத்தான் டிவியை அணைக்க வேண்டும். அண்ணன் ஆடுவதே வேலைக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம். அதிலும் பாதி நேரம் பெரியவரை உட்காரவைத்து வேடிக்கை பார்ப்பார். "குந்தட்டும் நைனா, பாவம்."

ஆடித் தீர்த்தது நான்தான்.

ஒரு மாதம் அவருக்கு சி ஷிப்ட், ராத்திரி வேலை; எனக்கு பி, மதியத்திலிருந்து ராத்திரி பத்துவரை. அவர் காலை ஆறரைக்கு வருவார், நாஷ்டா முடித்துப் படுப்பார். நான் மதியம் ஒரு மணிக்குக் கிளம்பும்வரை ரூமில்தான். ஒரே அறை, அவர் தலைமாட்டுக்கு எதிரில் டிவி. திருடர்கள் பின்னால் வரும் காலடிச் சத்தம் கேட்டால்தான் பெரியவரைக் காப்பாற்ற முடியும் என்று நான் சத்தத்தைக் கூட்டியே வைத்திருப்பேன். அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வார். புரண்டு புரண்டு படுப்பார். எனக்குத் தெரியாமல் இல்லை. ஒருநாள் மட்டும், "கொறைக்கட்டுமாண்ணா?" என்று கேட்டேன். "நீ வெளாடு நைனா. கண்ண மூடிக்கினா தூக்கம் வந்துரும்" என்றார். அது போதுமென்று எடுத்துக்கொண்டேன். ராத்திரி ஷிப்ட் மாறும்போது அவர் கண் சிவந்து உள்ளே வருவதைப் பதினைந்து நாள் பார்த்தேன்.

ஒருநாள் காலை அவர் ரூமுக்கு வரவில்லை, ஓவர்டைம் என்று நினைத்துக்கொண்டேன். மதியம் ஷிப்டுக்குள் நுழைந்ததும் சொன்னார்கள்: விடியும் நேரத்தில் பிரஸ்ஸில் அவர் கை மாட்டிக்கொண்டது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

சூப்பர்வைசர் என்னை கேன்டீனுக்குப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் வெள்ளைத்தாள்.

"அவன்கூட ரூம்ல இருக்கிறது நீதானே? பகல்ல ஒழுங்கா தூங்குறானா?"

"அவ்ளோவா தூங்கமாட்டாரு சார்."

"ரூம்ல கேம் கீதாமே?"

"கீது சார்."

"வெளையாடுவானா?"

அந்த வருடம் நாலு பேரை நிரந்தரம் ஆக்கப் போவதாகப் பேச்சு இருந்தது. கேம் என்னுடையது என்றால் என் பெயரும் தாளில் ஏறும். "வெளையாடுவாரு சார்" என்றேன்.

சொன்ன மூன்றிலும் பொய் இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் கூசவைக்கிறது. சூப்பர்வைசர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். அந்த பிரஸ்ஸில் கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி கழன்று மாதக்கணக்காகிறது என்று ஷாப் முழுக்கத் தெரியும். அதை அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொருவரைக் கெடுத்தேன்.

தொழிலாளியின் அஜாக்கிரதை என்று முடித்துவிட்டார்கள். கம்பெனி கொடுத்தது ஆஸ்பத்திரிச் செலவு மட்டும், வேலை போயிற்று. அவர் தன் துணிப் பெட்டியை எடுக்க ரூமுக்கு வருகிறார் என்று தெரிந்ததும் கேம் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி ஒரு துண்டைப் போட்டு மூடினேன். யாரிடமிருந்து மறைத்தேனோ தெரியாது.

கையில் கட்டோடு வந்தார், இளைத்திருந்தார். டிவிக்குப் பக்கத்தில் கேம் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தார். துணிகளை இடது கையால் எடுத்து வைத்தார். மடித்துத் தருகிறேன் என்றதற்கு, "பழகிக்கணும்ல" என்றார். பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். பஸ் நிறுத்தத்தில் நிழலே இல்லை.

"ஒன்னாண்ட கேட்டாங்களாமே?"

"ஆமாண்ணா."

"இன்னா சொன்ன?"

"நீங்க வெளையாடுவீங்களான்னு கேட்டாங்க... ஆமான்னேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன், அதுவும் நிச்சயமில்லை. அவர் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

"நெசந்தானே நைனா. நீ இன்னா பண்ணுவ. அந்தப் பத்து நிமிசம் படுத்துக்கினு இருந்தா வெரலு போயிருக்காது. ஊட்லயும் அப்டித்தான் சொல்லிக்கீறேன். ரெண்டு பொண்ண வச்சிக்கினு இந்த வயசுல கேம் ஆடிக் கையக் கெடுத்துக்கினியேன்னு அழுவுறா. பேஜாராப் போச்சு. அவ சொல்றது ஞாயந்தானே?"

ஞாயம்தானா என்று என் முகத்தைப் பார்த்தார். பதில் தெரிந்த ஒரே ஆள் நான். உங்க பத்து நிமிசம் இல்லண்ணா, என் டிவி சத்தம்தான் என்று வாய் வரைக்கும் வந்தது. பெட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "பஸ் வருதுண்ணா" என்றேன்.