பரீட்சைக்காக நின்ற தறி

பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்னால் எங்கள் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை பயம் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு டாக்டர் பேசினாராம். வீட்டில் அமைதி வேண்டும், சத்தமே கூடாது என்றாராம். அப்பா அதை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். வந்ததும் வராததுமாக இரண்டு விசைத்தறிகளையும் நிறுத்தினார். பரீட்சை முடிகிறவரை ஓட்டப்போவதில்லை என்றார்.

தறிக்கும் நாங்கள் படுக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். பிறந்ததிலிருந்து அந்த இரைச்சலில்தான் தூங்கினேன், அதில்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். தறிக்கு மேல் தொண்டையை உயர்த்திக் கத்திப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். தப்பாகச் சொன்னாலும் யார் காதிலும் விழாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தறி நிற்கிறது என்றால் கரண்ட் இல்லை, இல்லாவிட்டால் சாவு. அப்பா புதிதாக மூன்றாவது காரணம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்.

மறுநாளே எதிர்வீட்டு அக்கா வாசலில் வந்து நின்று தணிந்த குரலில் அம்மாவிடம் கேட்டார்.

"இன்னாக்கா, தறி நிக்குது? யாருக்காவது எதனா ஆயிடுச்சா?"

அம்மா என் பரீட்சையைச் சொன்னாள். அந்த அக்கா உள்ளே எட்டி என்னைப் பார்த்த பார்வை துக்கம் விசாரிக்க வந்தவர் பார்வையாகவே இருந்தது.

வாயைத் திறந்து படிக்கவே கூச்சமாகிவிட்டது. கணக்கை முணுமுணுத்தால்கூட அப்பா காது கொடுத்துக் கேட்பது தெரியும். அவர் நின்ற தறியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு குழம்பு தாளித்தாள். தறி ஓடாவிட்டால் கூலி கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு படபடத்தது.

தாங்க முடியாமல் ஒருநாள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"தறிய ஓட்டுங்க நைனா. சத்தம் இருந்தாதான் எனக்குப் படிப்பு வருது."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டு நிலைமையைப் பார்த்து நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"குடும்பக் கவல உனக்கு எதுக்கும்மா? நான் பாத்துக்கிறேன். நீ படிச்சிகினு இரு."

எதைச் சொன்னாலும் அதை என் நல்ல குணத்தில்தான் சேர்த்திருப்பார். நல்ல பெண் என்று பெயர் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினேன். எனக்கு ஆத்திரமாக வந்தது.

கணக்குப் பரீட்சையில் வந்தவை எல்லாம் தெரிந்த கணக்குகள்தான். முதல் வரி எழுதினேன், இரண்டாவது வரி வரவில்லை. உள்ளங்கை வேர்வையில் விடைத்தாள் நனைந்தது. வெளியே வெயிலில் அப்பா இளநீரோடு காத்துக்கொண்டிருந்தார். நன்றாக எழுதினேன் என்று சொல்லி அதைக் குடித்தேன்.

ரிசல்ட் போனில் வந்தது. கணக்கில் மட்டும் பெயில். அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பேன். பரீட்சை முடிந்த அன்றிலிருந்து மறுபடி ஓடிக்கொண்டிருந்த தறியின் பக்கத்தில் போய் நின்றார். இரைச்சலுக்கு மேல் கத்தித்தான் அவரால் பேச முடிந்தது.

"எம்மேலதாம்மா தப்பு. இன்னும் முன்னாடியே நிறுத்தியிருக்கணும்."

துணைத்தேர்வு அடுத்த மாதம் என்று போட்டிருந்தார்கள். அவர் கையை நீட்டி இரண்டு தறிகளின் சுவிட்சையும் அணைத்தார்.