கொக்கி ஊசி மாட்டிய டீசல் எஞ்சின்

எங்கள் பனியன் கம்பெனியில் சரக்கு ரூமுக்கு மேலே ஆறடி நீளத்தில் ஒரு பலகைத் தட்டு உண்டு. அட்டைப்பெட்டி அடுக்குவதற்காகப் போட்டது. அதன் மேல்தான் என் ரயில்வே இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். பி.எஸ்ஸி. முடித்துக் கோயமுத்தூரிலிருந்து திரும்பியவனை அப்பா நேராகக் கட்டிங் டேபிளில் நிறுத்தினார். வரும்போதே என்னிடம் கையளவு மாதிரி ரயில் எஞ்சின் ஒன்று இருந்தது. மெட்ராஸில் பழைய சாமான் கடையில் கிடைத்த வெளிநாட்டுச் சரக்கு. நீண்ட மூக்கு, பன்னிரண்டு சக்கரம். ஊர் விட்டு ஊர் ஓடும் பெரிய டீசலின் அச்சு அசல். ஆறடிப் பலகையில் அது எங்கே ஓடும்? வட்டமாகத் தண்டவாளம் போட இடமில்லை. பேட்டரியில் ஒயரை வைத்தால் கண் இமைப்பதற்குள் சுவரில் போய் முட்டும்.

எடைக்குப் போட வந்த காகிதத்தில் அகப்பட்ட ஒரு வெளிநாட்டு ரயில் பத்திரிகைதான் வழி சொன்னது. புது எஞ்சின்கள் வந்ததும் அங்கெல்லாம் பழைய மெயின் லைன் டீசல்களை யார்டுக்கு அனுப்பிவிடுவார்களாம், வேகன்களைப் பிரித்தும் சேர்த்தும் தள்ளும் ஷண்டிங் வேலைக்கு. மாதிரி ரயில்காரர்களும் அப்படியே செய்யலாம், சின்ன இடம் போதும் என்றிருந்தது. படித்ததும் குதித்தேன். பிறகு அந்த எஞ்சினின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

மெட்ராஸில் ஓர் எஞ்சின் பட்டறையில் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். போன வருஷமும் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. அப்பா ஒன்றும் தடுக்கவில்லை.

"போ கண்ணு, ஆரு வேண்டாங்கறா? சீசன் முடியட்டும்."

பூஜைக்கு முன்னால் கல்கத்தாவுக்குச் சரக்குப் போக வேண்டும். அது முடிந்தால் தீபாவளி. அப்புறம் கோடை. பனியனுக்குச் சீசன் இல்லாத மாதம் எது என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன்.

யார்டு வேலைக்கு அந்த எஞ்சின் லேசில் வசப்படவில்லை. இழுத்துக்கொண்டு ஓடுவதற்கென்றே செய்தது. பின்னால்தான் கொக்கி, மூக்கில் கிடையாது. அங்கே எங்கள் நிட்டிங் மிஷினின் உடைந்த ஊசி ஒன்றை ஈயத்தால் பற்றவைத்தேன். அந்த ஊசியின் நுனியில் கொக்கி, அதற்குக் கீழே திறந்து மூடும் சின்ன நாக்கு. வேகனில் ஒரு கம்பி வளையம். மெல்லத் தள்ளினால் வளையம் கொக்கிக்குள் விழும். பின்னால் இழுத்தால் வேகன் கூடவே வரும். விட வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டும். வளையம் நாக்கைத் தாண்டிப் போகும். இழுக்கும்போது நாக்கை மூடிக்கொண்டு வழுக்கி வெளியே வந்துவிடும். பனியனில் ஒவ்வொரு நூல் கண்ணியும் இப்படித்தான் ஊசியை விட்டு இறங்குகிறது.

ஆனால் மாட்டுவதற்கும் விடுவதற்கும் மயிரிழைதான் வித்தியாசம். என் எஞ்சின் பாய்ந்து முட்டியதில் ஒரு வேகன்கூட மாட்டவில்லை. கடைசியில் சைக்கிள் டைனமோ பல்பு ஒன்றைப் பேட்டரி ஒயரின் நடுவே சேர்த்தேன். பாதிக் கரண்டைப் பல்பு தின்றது. எஞ்சின் எறும்பாக ஊர்ந்தது.

ஞாயிறு சாயங்காலம் அக்கா வீட்டுக்காரர் ஏணியில் தலையை நீட்டினார்.

"ஏனுங்க மாப்ள, உங்க வண்டி கல்கத்தா போய்ச் சேந்துருச்சுங்களா?"

"சிக்னல் கெடைக்கலீங்க மச்சான்."

"பார்த்துங்க. பஞ்சுத் தூசியில தடம் மறைஞ்சு இந்தா இருக்கற ஊத்துக்குளிப் பக்கம் போயிரப் போவுது."

அவர் சிரித்த சத்தத்துக்கு அப்பாவும் ஏறி வந்தார். அட்டைப்பெட்டியை வெட்டிச் செய்த வேகன்கள். அதில் கட்டிங் துணிச் சுருள்கள், பேல்களாக, அதாவது சரக்கு மூட்டைகளாக. எஞ்சின் ஊர்ந்து போய் ஒன்றை மாட்டி இழுத்தது. பக்கத்து லைனில் தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி, விட்டுவிட்டுத் திரும்பியது. அப்பா குனிந்து பார்த்தார்.

"அட, நம்ம ஊசி!"

"ஆமாங்கப்பா."

"இந்த நிதானம் வாரதுக்கு எனக்குப் பத்து வருசமாச்சு. இனிக் கட்டிங்கு உன்ற பொறுப்பு. நான் பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதில்ல." மச்சானைப் பார்த்துச் சொன்னார்: "பையன் தொழில்ல நின்னுட்டான்."

இவ்வளவு சந்தோஷமாக அவர் என்னைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. பேட்டரியிலிருந்து ஒயரை எடுத்தேன்.

"நாளைக்கு மெட்ராஸ் வண்டிக்குப் போகணுமுங்கப்பா."

"போ கண்ணு, ஆரு வேண்டாங்கறா? கல்கத்தா பேலு நாளைக்குத்தான் புக்கிங். அதை ஏத்திப்போட்டு அப்படியே வண்டி ஏறிக்க. ஸ்டேஷன் ஒண்ணுதானே?"

மறுநாள் காலை சட்டைத்துணிப் பையோடு மாட்டு வண்டியில் பேல்களின் மேல் உட்கார்ந்து போனேன். குட்ஸ் ஷெட்டில் எங்களுக்கு முன்னால் நாலைந்து கம்பெனிச் சரக்கு நின்றது. வேகன் இன்னும் வரவில்லை. கரி எஞ்சின் ஒன்று யார்டில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. மெட்ராஸ் வண்டி எதிரே பிளாட்பாரத்துக்கு வந்து நின்றது. முகப்பில் டீசல். பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். வண்டிக்காரர் மாட்டைப் பிடித்தபடி, "பேலு கெடக்குதுங்களே, சாமி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பேல்களை விட்டுப் போனால் கல்கத்தாச் சரக்கு அன்றைக்கு ஏறாது. நான் நின்றேன். மெட்ராஸ் வண்டி கிளம்பியது.

மத்தியானம் திரும்பியபோது மச்சான் வாசலில் இருந்தார். இந்த முறை கேலி செய்யவில்லை.

"போகலீங்களா, மாப்ள?"

"போறதுதானுங்க, ஆரு வேண்டாங்கறா?" என்றேன். "சீசன் முடியட்டும்."

சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று என் காதில் விழுந்தது.