பொன்னுருக்கில் கரைந்த தேவி

கிணறு ஆழப்படுத்தும்போது கிடைத்த பொற்காசை, முருகன் தந்ததென்று நம்பி, மகனின் தாலிக்குப் பொன்னுருக்கும் நாளில் நகை செய்யும் பத்தரிடம் கொடுத்தேன். மகன் அதைப் போனில் படம் பிடித்தான்.

"அண்ணை, காசிலை செட்டை முளைச்ச பொம்பிளை மாலையோடை நிக்கிறா. உடுப்பின்ரை மடிப்புக்கூடத் தெரியுது. உருக்கட்டோ?" என்றார் பத்தர்.

"வேதக்காரற்றை சம்மனசாக்கும், அவையின்ரை தேவதூதர். எங்களுக்கேன்? உருக்கும்," என்றேன்.

கண்முன்னே அவள் முகம் கரைந்தது.

கலியாணத்தின்பின் மருமகள் அந்தப் படத்தைப் பார்த்தாள். "மாமா, உது சம்மனசில்லை. பழைய கிரேக்கற்றை வெற்றித் தெய்வம், நைக்கி. வெண்டவைக்கு மாலை கொண்டு வாறவ."

தெருவோரச் சூலத்தையும் கும்பிட்டுப் போகிறவன், யாரோ கும்பிட்ட தெய்வத்தை நெருப்பில் இட்டுவிட்டேன்.

"என்ரை கழுத்திலைதானே இருக்கிறா, மாமா," என்றாள் மருமகள்.

இப்போது நல்லூர் முருகன் கோயிலில் பிள்ளைகளுக்காகக் கும்பிடும்போது, பெயர் என் வாயில் சரியாக வராத அந்தத் தேவியிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.