என் காவலில் இருந்த உப்பு டப்பா

அக்கா வீட்டு உப்பு டப்பா என் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. அத்தானுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அவரு வந்து கேட்டா தராதேடா. கெஞ்சினாலும் தராதே."

பக்கத்து வீடுதானே, கெஞ்சுவதற்கு அத்தானுக்கு அதிக தூரம் இல்லை. இரண்டு முறை வந்து பார்த்தார். நான் அக்காவுக்குப் பயந்தவன்.

அத்தான் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். அண்டாவில் எது வெந்தாலும் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். அவர் தலையை ஆட்டிய பிறகுதான் அண்டா அடுப்பை விட்டு இறங்கும். அந்த நாக்கில்தான் குடும்பமே ஓடியது. அதே அடுப்படியில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

பிழைக்க வைத்த டாக்டர், சிகரெட்டை விடச் சொன்னார், தினமும் நடக்கச் சொன்னார், நேரத்துக்குத் தூங்கச் சொன்னார். ரத்தக் கொதிப்பு எகிறிக் கிடக்கிறது, உப்பைக் கட்டாயம் குறைக்க வேண்டும் என்றார். டாக்டர் கண்டிப்பானவர் என்று நினைத்தால் நீங்கள் என் அக்காவைப் பார்த்ததில்லை.

முதல் நாள் பருப்பை வாயில் வைத்ததும் அத்தான், "இதுக்கு அந்த வலியே தேவலை" என்றார்.

"வலி உங்களுக்கு. நீங்க கிடந்ததைப் பார்த்துக்கிட்டு நின்னது நான்" என்றாள் அக்கா. அதன் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை, சாப்பிடுவதற்கு மட்டும் திறந்தார்.

வேலைக்கும் வீட்டிலிருந்தே டிபன் பாக்ஸ் போனது. காலையில் இருவரும் சேர்ந்து நடந்தார்கள். அவர் கடைப் பக்கம் திரும்பினால் அக்காவும் திரும்புவாள். சில மாதங்களில் அத்தான் மூச்சு வாங்காமல் மாடி ஏறினார். டாக்டர் பி.பி. மெஷினைப் பார்த்துச் சிரித்தாராம். "நாக்கு பழகிடுச்சு, இனிமே கஷ்டமே இல்லை" என்றாராம். அக்கா முகத்தில் அன்றுதான் பழைய களை வந்தது. எனக்கும் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

நாலு நாள் நிம்மதியாக இருந்தால் பொறுக்காதே! கேன்டீனில் தட்டுகள் பாதிச் சாப்பாட்டோடு திரும்பி வந்தன. காய் சப்பென்று இருக்கிறது, பருப்பு தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று ஒரே புகார்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார் கேன்டீன் கான்ட்ராக்டர். "இன்னொரு தடவை புகார் வந்தா நான் வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான்."

உப்பு சரியாகத்தான் போட்டேன் என்று அத்தான் சத்தியம் செய்தார். அவர் நாக்குக்குச் சரியாகத்தான் இருந்தது. டாக்டர் பாராட்டிய அதே நாக்கு. ஒரு சிட்டிகையே அதற்கு இப்போது நிறைய.

"அளந்து போடுங்களேன் அத்தான்" என்றேன்.

"போட்டேன்பா. கல் உப்புக்கு ஒரு அளவு, தூளுக்கு ஒரு அளவு. குழம்பு சுண்டினா கணக்கு மாறுது. நேத்து உப்பு கூடிப்போய் வாயிலேயே வைக்க முடியலையாம்."

"வேற யாரையாவது ருசி பார்க்கச் சொன்னா?"

"ருசி பார்க்கிறவனையே சமைக்கச் சொல்லிடுவாங்க. நெஞ்சு வலிக்காரனை அப்புறம் யாரு வேலைக்கு வெச்சுப்பா?"

யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரையா, தட்டைத் திருப்பி அனுப்பியவர்களையா? உழைத்துக் களைத்தவர்களுக்கு உப்பு உறைக்கத்தான் வேண்டும்.

அன்று சாயங்காலம் அக்கா என் வாசலில் வந்து நின்றாள்.

"டப்பாவைக் கொடுடா."

"அக்கா..."

"கொடுன்னா கொடு."

கெஞ்சினாலும் தராதே என்றவள் அவள்தான். அவள் கெஞ்சவில்லை, கையை நீட்டினாள். எடுத்துக் கொடுத்துவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.

அத்தான் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். அக்கா தன் கையாலேயே பருப்பில் உப்பைப் போட்டுக் கலந்தாள். அவர் ஒரு வாய் வைத்தார். முகம் சுளித்தது.

"கரிக்குதும்மா."

"அப்ப கேன்டீன்ல எல்லாருக்கும் சரியா இருக்கும். சாப்பிடுங்க."

ஒரு காலத்தில் உப்புக்காக என்னிடம் கெஞ்சிய மனிதர், மருந்தை விழுங்குவது போல் ஒவ்வொரு வாயாக விழுங்கினார். தட்டு காலியாகும் வரை அக்கா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அவர் கை கழுவிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போனார்.

பழக்க தோஷம், நான் டப்பாவை எடுக்கப் போனேன்.

"இங்கயே இருக்கட்டும்டா" என்றாள் அக்கா.